இன்னும் கிளம்பலையா

ராணுவ அதிகாரிப் பயிற்சிக்குத் தேர்வான நான்காம் நாளே ஓஸ்வால்ட் தன் வாத்தியார் வேலையை ராஜினாமா செய்தான். பின்னால் வந்த தொல்லைகளில் பாதிக்கு அதுதான் காரணம்.

அது 1943 ஆகஸ்ட் மாதம். பெங்களூர் ராணுவத் தண்டுப் பகுதியில் ஒரு பெரிய பங்களாவில் மூன்று நாள் தேர்வு நடந்தது. மார்பிலும் முதுகிலும் எண் போட்ட துணியைக் கட்டிக்கொண்டு ஓஸ்வால்ட் சுவர் ஏறிக் குதித்தான், கயிற்றில் தொங்கினான், மங்கலான ஒரு படத்தைப் பார்த்து நான்கு நிமிடத்தில் கதை எழுதினான். மூன்றாம் நாள் மாலை ஒரு மேஜர் வந்து தேர்வானவர்களின் எண்களை வாசித்தார். முப்பத்தோரு பேரில் ஆறு பேர். ஓஸ்வால்டின் பதினேழாம் எண்ணும் அதில் இருந்தது. இரண்டு மூன்று வாரத்தில் கடிதம் வரும், வந்ததும் புறப்படத் தயாராக இருக்க வேண்டும், எந்த ஊரில் பயிற்சி என்பது கடிதத்தில் இருக்கும் என்று மேஜர் சொன்னார். மறுநாளே மருத்துவப் பரிசோதனையும் முடிந்தது. எல்லாம் சரியாக இருப்பதாக டாக்டர் சொன்னார்.

அவன் கணக்கு வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர் சுந்தரராமன் ராஜினாமாக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"ஆர்டர் கைக்கு வந்தப்புறம் குடுத்தா போறாதா, ஓஸ்வால்ட்?"

"ரெடியா இருக்கணும்னு சொல்லிட்டாங்க சார். நடு டெர்ம்ல திடீர்னு விட்டுட்டுப் போனா பசங்களுக்குக் கஷ்டம்."

சுந்தரராமன் அதற்கு மேல் தடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை பிரிவுபசாரம் நடந்தது. மாலை போட்டார்கள், குரூப் போட்டோ எடுத்தார்கள். பையன்கள் ஒரு ஷேவிங் செட் கொடுத்தார்கள். நம் பள்ளிக்கூடத்தின் முதல் ராணுவ அதிகாரி என்று சுந்தரராமன் இருபது நிமிடம் பேசினார். ஓஸ்வால்டுக்குக் கண் கலங்கிவிட்டது.

பென்சன் டவுனின் கோடியில் அவர்கள் வீடு. அப்பா பெர்னார்ட் ஜோலார்பேட்டை லைனில் முப்பத்து மூன்று வருடம் ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். விசிலும் கொடியும் போனாலும் ரூல் புத்தகம் அவர் தலைக்குள்ளேயே இருந்தது. அம்மா இறந்த பிறகு வீட்டைப் பார்த்துக்கொண்டது அப்பாவின் தங்கை டோரதி அத்தை. ஓஸ்வால்டுக்கு நிச்சயம் செய்திருந்த பெர்னதெத் இரண்டு தெரு தள்ளி இருந்தாள். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவள், மாதா கோவில் பாடகர் குழுவில் பாடுபவள். ஈஸ்டருக்கு அடுத்த வாரம் சாமியார் முன்னிலையில் நிச்சயம் நடந்தது. அவன் ஆபீசர் ஆனதும் கல்யாணம் என்று பேச்சு.

பயிற்சியில் என்ன நடக்கும் என்பது ஓஸ்வால்டைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. காலை மூன்றரை மணிக்கு எழுப்பிவிடுவார்கள் என்றார் அப்பா. அதற்குப் பழக்க, அவரே அவனை முதலில் நாலு மணிக்கு எழுப்பத் தொடங்கினார். பேக்கரியில் உட்கார்ந்திருக்கும் பழைய ஹவில்தார் ஒருவர், நீண்ட அணிவகுப்பில் கால் கொப்பளிக்காமல் இருக்க உள்ளே சோப்பைத் தடவிய சாக்ஸைப் போட வேண்டும் என்றார். டோரதி அத்தைக்கு இரண்டு கவலைகள். ஒன்று வடக்கத்திக் குளிர். அதற்காக இரண்டு கம்பளி ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்தாள். இன்னொன்று மேஜை மரியாதை. முள்ளுக்கரண்டியும் கத்தியும் வாங்கி வந்து, தினமும் காலை இட்லியை அவற்றால் சாப்பிடச் சொன்னாள்.

"முதுகை நிமுத்துடா. சத்தம் வரக்கூடாது. தட்டுல கரண்டி படற சத்தம் கேட்டா வெளிய அனுப்பிடுவானாம்."

"இட்லிக்கு எதுக்கு அத்தை கத்தி?"

"பழகிக்கோன்னா பழகிக்கோ."

ஒரு நாள் காலை பெர்னதெத் வந்தபோது சாம்பாரில் நனைந்த இட்லி முள்ளிலிருந்து நழுவி அவன் மடியில் விழுந்தது. அவள் சிரித்தாள். அவன் கோபித்துக்கொண்டு எழுந்து போனான். நிச்சயத்துக்குப் பின் அதுதான் அவர்களுடைய முதல் சண்டை.

மூன்று வாரம் போயிற்று. செப்டம்பரும் முடிந்தது. கடிதம் வரவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்தால் ஒருவர், ரஸ்ஸல் மார்க்கெட்டில் ஒருவர், முடிவெட்டும் கடையில் ஒருவர், எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். இன்னும் கிளம்பலையா? முதலில் சிரித்துக்கொண்டே பதில் சொன்னான். பிறகு சிரிக்காமல் சொன்னான். அக்டோபர் வந்தபோது தெரிந்தவர்கள் எதிர்ப்படும் கோல்ஸ் ரோட்டைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போகப் பழகினான். தபால்காரர் தெருமுனையிலிருந்தே தலையை ஆட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பிவிடுவார். கருப்புப் பெயின்ட் அடித்துப் பெயர் எழுதிய டிரங்குப் பெட்டி கூடத்தின் நடுவில் கிடந்தது. நகர்த்தலாமா என்று கேட்டால், எந்த நிமிடமும் தேவைப்படும் என்று அத்தை விடமாட்டாள். வருகிறவர்கள் அதில் உட்காரவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

"லைன் கிளியர் வரல, அவ்ளோதான்," என்றார் அப்பா. "வந்தா போகப்போற. இதுல பேஜார் பட என்ன இருக்கு?"

ராணுவ அலுவலகத்துக்குப் போய்ப் பார்த்தான். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா தலையைத் தூக்காமல், பரிசீலனையில் இருக்கிறது, தெரிவிக்கப்படும் என்றான். பத்து நாள் கழித்துப் போனபோதும் அதையே சொன்னான். மூன்றாம் தடவை ஒரு கடிதம் கொடுத்தார்கள். ஓஸ்வால்ட் ஆவலோடு பிரித்தான். மருத்துவப் பரிசோதனைக்கு வரும்படி எழுதியிருந்தது.

"மெடிக்கல் ஆகஸ்ட்லயே முடிஞ்சிடுச்சு சார்."

"லெட்டர்ல என்ன போட்டிருக்கோ அதைப் பண்ணுங்க."

மறுபடி சட்டையைக் கழற்றினான், இருமினான், எழுத்துப் பலகையைப் படித்தான். மறுபடி எல்லாம் சரி என்றார்கள். நான்காம் தடவை போனபோது ஜன்னல் மூடியிருந்தது.

வீட்டில் சும்மா இருக்கவும் முடியவில்லை. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்குப் போனான். அவன் இடத்தில் நாணு என்ற புது வாத்தியாரை எடுத்திருந்தார்கள். பூகோள வாத்தியார் டைபாய்டில் படுத்திருப்பதால் அந்த வகுப்புகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் சுந்தரராமன். நான் அப்பவே சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஓஸ்வால்டுக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாணு எழுந்து நின்று, மேஜை டிராயரில் பாதியைக் காலி செய்து கொடுத்தான். வகுப்பில் நுழைந்ததும் முதல் பெஞ்சிலிருந்து ஒரு பையன் உண்மையாகவே கேட்டான்: "சண்டை முடிஞ்சிடுச்சா சார்?"

அன்று மாலை பெர்னதெத் வீட்டு வாசலில் நின்று ஓஸ்வால்ட் இதைச் சொன்னான்.

"இந்தத் தடவையாவது சிரிக்காதே."

"சிரிக்கல," என்றாள். "நானும் உங்களோடதான் காத்துட்டிருக்கேன். அது உங்களுக்கு ஞாபகம் இருந்தா போதும்."

நவம்பர் நடுவில் தபாலில் ஒரு பழுப்பு உறை வந்தது. மேலே, மிஸ்டர் பெர்னார்ட் என்று மட்டும் எழுதியிருந்ததால் அப்பா வாங்கிப் பிரித்தார். படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"எனக்கு வந்திருக்கு. மெடிக்கல் போர்டுக்கு ஆஜராகலையாம். இருபத்து ரெண்டாம் தேதி காலையில ஒன்பது மணிக்கு வரலைன்னா என் செலக்‌ஷனைக் கேன்சல் பண்ணிடுவாங்களாம்."

ஓஸ்வால்ட் கடிதத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தான். "அது நான்தான்பா. ஃபாரத்துல சர்நேம்னு ஒரு கட்டம் இருந்துச்சு. உங்க பேரை எழுதினேன்."

"நீ ரெண்டு தடவை மெடிக்கல் போயிட்டே. பாஸுன்னாங்க. அப்ப இதுல ஆஜராகாதவன் யாரு?"

"தப்பு பண்ணியிருக்காங்கப்பா."

"தப்போ ரைட்டோ, பேர் போட்டு ஆர்டர் வந்திருக்கு. கவர்மென்ட் ஆர்டர் வந்தா ஆஜராகித்தான் ஆகணும். போய் நின்னு, நான் இல்லைன்னு சொல்லிட்டு வரலாம்."

"உங்களுக்கு அறுபத்தோரு வயசு."

"அதையும் அங்க சொல்லிக்கலாம்."

டோரதி அத்தை அண்ணன் பக்கம்தான் பேசினாள். பிடிவாதம் செய்கிற அப்பாவை வீட்டில் பூட்டி வைக்கவும் முடியாது. இருபத்திரண்டாம் தேதி காலை, பெர்னார்ட் தன் பழைய கார்டு கோட்டைப் போட்டு, பித்தளைப் பொத்தான்களைத் துடைத்துக்கொண்டு மகனுக்கு முன்னால் நடந்தார்.

மருத்துவப் போர்டு நடந்த கட்டிடத்தில் இருபது பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஏதோ ஃபாரத்தை நிரப்பச் சொல்லி ஓஸ்வால்டைப் பக்கத்து அறைக்கு அனுப்பினார்கள். அவன் மூன்றாம் பக்கத்தில் இருந்தபோது வெளியே ஆர்டர்லி, "மிஸ்டர் பெர்னார்ட்," என்று கூப்பிடுவது கேட்டது. பேனாவைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். பெஞ்சில் அப்பா இல்லை.

உள்ளே போய்ப் பார்த்தபோது பெர்னார்ட் சட்டையில்லாமல் எடை மெஷின் மேல் நின்றுகொண்டிருந்தார். மேஜையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்த ராணுவ டாக்டர் அன்று காலையிலிருந்து பலரைப் பார்த்துக் களைத்திருந்தார். எடையைக் கேட்டு எழுதினார். மார்பளவைக் கேட்டு எழுதினார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். பிறகு வயது என்ன என்றார்.

"சிக்ஸ்டி ஒன், சார்."

டாக்டரின் பேனா நின்றது. முதல் தடவையாகத் தலையைத் தூக்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இதயம் நன்றாக இருக்கிறது," என்றார் ஆங்கிலத்தில். வேறு என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஓஸ்வால்டுக்கு அந்த அறையில்தான் வெளியே வந்தது. வாழ்க்கையில் ஒரு அதிகாரியிடம் குரலை உயர்த்திப் பேசியறியாதவன். வேலையை விட்டது, நான்கு தடவை ஜன்னலில் நின்றது, இரண்டு தடவை சட்டையைக் கழற்றியது, இப்போது ஓய்வு பெற்ற அப்பாவைக் கூட்டி வந்து நிறுத்தியிருப்பது, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னான். அதிகாரிப் பயிற்சிக்கு ஆள் வேண்டாமென்றால் வேண்டாம் என்று ஒரு வரி எழுதியனுப்புங்கள், போய்ப் பூகோளம் நடத்துகிறேன் என்று முடித்தான். டாக்டர் ஆர்டர்லியைக் கூப்பிட்டு, ஹெட் கிளார்க்கை வரச்சொன்னார்.

ஹெட் கிளார்க் சீனிவாசராகவன் அளவான உயரமும் வெள்ளைத் தலைப்பாகையுமாக வந்தார். விஷயத்தைக் கேட்டார். போய்விட்டு, அரை மணி நேரத்தில் இரண்டு ஃபைல்களோடு திரும்பி வந்து, அவற்றைப் பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

"உக்காருங்கோ. இது ஓ. பெர்னார்ட். இதுல செலக்‌ஷன் இருக்கு, மெடிக்கல் இல்லே. இது பி. ஓஸ்வால்ட். இதுல ரெண்டு மெடிக்கல் இருக்கு, செலக்‌ஷன் இல்லே. ரெண்டு பேருமே எங்களுக்குப் பாதி மனுஷாதான். எப்படி அனுப்பறது சொல்லுங்கோ."

"ரெண்டும் நான்தான் சார். சர்டிபிகேட்ல பி. ஓஸ்வால்ட்."

"எனக்குத் தெரியறது சார். நாமெல்லாம் அப்பா பேரை முன்னால வெச்சுக்கறோம். டெல்லிக்குத் தெரியாதே. நீங்க முதல்லயே வந்து சொல்லியிருக்கப்படாதோ?"

"நாலு தடவை வந்தேன்."

"ஜன்னலுக்கு வந்திருப்பேள். உள்ள வந்திருக்கணும்."

ஓஸ்வால்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்பா அவன் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். இரண்டு பேரும் ஒருவரே என்று ஓஸ்வால்டிடம் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு, சீனிவாசராகவன் இரண்டு ஃபைல்களையும் ஒரே நாடாவால் கட்டினார். "ஆய்த்து. இனிமே கவலை வேண்டாம்," என்றார்.

வெளியே வந்து கால் மைல் நடந்த பிறகு பெர்னார்ட் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார். "நான் வராம இருந்திருந்தா இது வெளிய வந்திருக்குமா?"

வந்திருக்காது என்று ஓஸ்வால்டுக்குத் தெரியும். அதுதான் அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

டிசம்பர் இரண்டாம் வாரம் உத்தரவு வந்தது. சனிக்கிழமை, பள்ளி விடுமுறை என்பதால் பெர்னதெத்தும் அவர்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஜனவரி மூன்றாம் தேதி காலை பத்து மணிக்குப் பயிற்சிப் பள்ளியில் ஆஜராக வேண்டும். ஓஸ்வால்ட் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து படித்தான்.

"எங்கடா, டேராடூனா?" என்று கேட்டாள் அத்தை. இரண்டாவது ஸ்வெட்டரின் கை அவள் மடியில் இருந்தது.

"பெங்களூர்."

"பெங்களூர்லருந்து எங்க?"

"எங்கயும் இல்ல அத்தை. பெங்களூர்லயே ஆபீசர்ஸ் ட்ரெய்னிங் ஸ்கூல் இருக்கு. அங்கதான்."

"மூணு மைல்கூட இருக்காது," என்றார் அப்பா. "ஜட்கா வண்டியில அரை மணி." பெர்னதெத் எழுந்து கிணற்றடிக்குப் போனாள். அங்கிருந்து அவள் அடக்கமுடியாமல் சிரிக்கும் சத்தம் வந்தது. அத்தை ஊசிகளை எடுத்துக் கம்பளி உருண்டையில் குத்தினாள்.

"கோவில்ல எல்லார்கிட்டயும் இமயமலைக்குப் போறான்னு சொல்லி வெச்சிருக்கேன். ஒன்பது நாள் ஜெபம் பண்ணியிருக்கேன். இதுக்கா?"

"நானா இடத்தைக் குறிச்சேன் அத்தை?"

பள்ளிக்கூடத்தில் மறுபடி ஒரு பிரிவுபசாரம் வேண்டாம் என்று ஓஸ்வால்ட் கெஞ்சினான். பையன்கள் விடவில்லை. எந்த ஊர் என்று மட்டும் சொல்லமாட்டேன் என்று சுந்தரராமன் வாக்குக் கொடுத்தார். இந்தத் தடவை நாலு நிமிடத்தில் பேச்சை முடித்துக்கொண்டார்.

பயிற்சிப் பள்ளியில் யாரும் சொன்னது போல எதுவும் இல்லை. எழுப்பியது ஐந்தரை மணிக்கு. முள்ளுக்கரண்டியை யாரும் கவனிக்கவில்லை. சாப்பாட்டுக்குக் கொடுத்த நேரத்தில் கையில் கிடைத்ததை வாயில் போட்டுக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. முதல் வாரம் முழுக்க வரிசைதான். ஊசிக்கு ஒரு வரிசை, பூட்ஸுக்கு ஒரு வரிசை, முடிவெட்ட ஒரு வரிசை. முதல் நாள் வெட்டிய முடி போதாதென்று மூன்றாம் நாள் மறுபடி வெட்டினார்கள். கட்டிலில் போர்வையை மடிப்பதற்கே ஒரு சட்டம் இருந்தது. சார்ஜென்ட் ஹிக்ஸ் என்ற வெள்ளைக்காரர் தினமும் காலையில் ஓஸ்வால்டின் போர்வையைத் தரையில் இழுத்துப் போட்டுவிட்டு, மறுபடி மடிக்கச் சொன்னார். ஹவில்தார் பேச்சைக் கேட்டுச் சோப்புத் தடவிய சாக்ஸோடு பத்து மைல் நடந்த அன்று, வியர்வையில் நுரை பொங்கிப் பூட்ஸ் ஓரமாக வழிந்தது. இரண்டு குதிகாலும் உரிந்துபோயின.

முதல் ஐந்து வாரம் வெளியே போக அனுமதி இல்லை. இமயமலையில் இருந்திருந்தால் அது பெரிதாகத் தெரிந்திருக்காது. இங்கே, பயிற்சிக்குப் போகும் லாரி வாரத்துக்கு இரண்டு தடவை அவன் வீட்டுத் தெருமுனையைத் தாண்டிப் போயிற்று. ஒரு நாள் டோரதி அத்தை கீரைக்காரியிடம் பேசிக்கொண்டு நின்றாள். அவனைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். எதிரே சார்ஜென்ட் ஹிக்ஸ் உட்கார்ந்திருந்ததால் ஓஸ்வால்ட் முன்னால் பார்த்த பார்வையை அசைக்கவில்லை. அவனுக்கு அதற்குள்ளேயே திமிர் வந்துவிட்டது என்று அத்தை அன்று மாலைக்குள் தெரு முழுவதும் சொல்லிவிட்டாள்.

மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை கத்தோலிக்கக் கேடட்கள் பத்தொன்பது பேரை அணிவகுத்துக் கோவிலுக்குக் கூட்டிப் போனார்கள். அது ஓஸ்வால்டின் சொந்தக் கோவில். ஞானஸ்நானம் பெற்ற இடம். முன் வரிசையில் விறைப்பாக உட்கார்ந்து, பின்னாலிருந்து வந்த பாட்டில் பெர்னதெத்தின் குரலை மட்டும் பிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தான். பூசை முடிந்து முற்றத்தில் வரிசையாக நின்றபோது, கையில் டிபன் கேரியரோடு டோரதி அத்தை நேராகச் சார்ஜென்டிடம் நடந்தாள். பின்னாலேயே அப்பாவும் பெர்னதெத்தும் வந்தார்கள்.

"சார், திஸ் மை பிரதர் சன். ஒன் மினிட் சார்," என்றாள்.

சார்ஜென்ட் ஹிக்ஸ் அவளைப் பார்த்தார், கேரியரைப் பார்த்தார். "கேடட் பெர்னார்ட், இந்த அம்மா உன் அத்தையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம் என்றான். சாப்பாட்டை முகாமுக்குள் கொண்டுபோக முடியாது, ஆனால் திரும்பிப் போக லாரி வர மூன்று நிமிடம் ஆகும் என்று சொல்லிவிட்டு மறுபுறம் திரும்பிக்கொண்டார்.

அத்தை அவனைத் திட்டுவதற்காகத்தான் வந்திருந்தாள். அருகில் வந்து துருத்திய கன்ன எலும்பைப் பார்த்ததும் கேரியரைத் திறந்தாள். மற்றப் பதினெட்டுப் பேரும் பார்க்க, ஓஸ்வால்ட் நின்றபடியே ஆப்பத்தைக் கறிக்குழம்பில் தோய்த்துக் கையால் அள்ளிச் சாப்பிட்டான்.

"லாரியில கையைக் காட்டினேனே, தெரியலையாடா?"

"தெரிஞ்சுது அத்தை. அசையக்கூடாது."

"அதைச் சொல்லியனுப்பறதுக்கு என்ன? நான் ஊரெல்லாம் தப்பாச் சொல்லிட்டேன்."

"எப்படிச் சொல்லியனுப்பறது?" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆப்பத்தை எடுத்தான். பெர்னதெத் அவன் கையிலிருந்த காய்ப்பையும் கீறலையும் பார்த்தாள்.

பிப்ரவரியில் முதல் விடுமுறை கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, எட்டு மணி நேரம். அதில் ஒரு மணி நேரத்தைப் பெர்னதெத் வீட்டு முன்னறையில் புலம்பியே கழித்தான். இரண்டு பேரைத் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், அடுத்தது தானாக இருக்கலாம், ஜூலையில் முடியும் என்கிறார்கள், பிறகு எங்கே அனுப்புவார்கள் என்று தெரியாது, அஸ்ஸாம் என்கிறார்கள், லீவு பத்து நாள் தருவார்களாம், அதுவும் நிச்சயமில்லை.

பெர்னதெத் முடியும் வரைக்கும் கேட்டாள்.

"பிடிக்கலைன்னா விட்டுட்டு வந்துடுங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சொன்னா நான் பார்த்துக்கறேன்."

"பிடிக்கலைன்னு யார் சொன்னாங்க? எனக்குப் பிடிச்சிருக்கு. அதைத்தான் யாருக்கும் சொல்ல முடியல."

"அப்ப இருங்க. ஆனா ஒரு விஷயம். லெட்டர் வந்தா, ஆர்டர் வந்தா, லீவு வந்தான்னு ஒரு வருஷமாக் காத்துட்டிருக்கேன். சண்டை முடிஞ்சா கல்யாணம்னு அடுத்துச் சொல்லப்போறீங்க. அதுக்கு நான் ஆள் இல்ல."

"நான் என்ன பண்ண முடியும்? பத்து நாள் லீவுல கோவில்ல கல்யாண அறிவிப்பு ஓலையை மூணு தடவை வாசிக்கவே மூணு ஞாயிறு ஆகும்."

"தெரியும்," என்றாள் பெர்னதெத்.

அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மார்ச்சிலிருந்து ஜூன் வரை பயிற்சி அவனை வேறு எதையும் நினைக்கவிடவில்லை. வரைபடத்தைப் பார்த்து வழி கண்டுபிடிப்பதில் முதலாவதாக வந்தான். சுடுவதில் நடுத்தரம். கூச்சப்பட்டுக் கட்டளையிடுகிறான் என்று எழுதினார்கள். பிறகு ஒரு நாள், நாற்பது பேரைக் கொண்ட அணியை மழையில் அவன் ஒற்றைக் குரலில் திருப்பியபோது, சார்ஜென்ட் ஹிக்ஸ் தலையை அசைத்தார். அன்றிலிருந்து போர்வை தரைக்கு வரவில்லை.

ஜூன் இரண்டாம் ஞாயிறு வழக்கம்போல் கேடட்கள் கோவிலில் உட்கார்ந்திருந்தார்கள். பிரசங்கத்துக்கு முன் சாமியார் ஒரு தாளை எடுத்துக் கல்யாண ஓலைகளை வாசிக்க ஆரம்பித்தார். முதலில் யாரோ இருவர். பிறகு, பெர்னார்டின் மகன் ஓஸ்வால்ட், இந்தப் பங்கைச் சேர்ந்தவர், தற்போது அதிகாரிப் பயிற்சிப் பள்ளியில் இருப்பவர், என்று வாசித்து, பெர்னதெத்தின் பெயரையும் வாசித்தார். இது முதல் ஓலை, தடை தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்றார்.

ஓஸ்வால்ட் எழுந்து நின்றுவிட்டான். ஏன் நின்றான் என்று அவனுக்கே தெரியவில்லை. பக்கத்திலிருந்தவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான். பதினெட்டுத் தலைகளும் அவன் பக்கம் திரும்பின. பின்னால் பாடகர் குழுவில் யாரோ இருமினார்கள்.

வெளியே வந்ததும் சார்ஜென்ட் ஹிக்ஸ் அவன் முன்னால் வந்து நின்றார்.

"கேடட் பெர்னார்ட், உன் கல்யாணம் உனக்குத் தெரியாதா?"

"இன்றுதான் தெரிந்தது, சார்ஜென்ட்."

"என் விஷயத்திலும் ஏறக்குறைய அப்படித்தான்," என்றார் ஹிக்ஸ். கமாண்டன்ட்டின் அனுமதிக்கு மனு எழுதச் சொல்லி அனுப்பினார். இதுவும் ஆறு மாதம் ஆகும் என்று நினைத்துக்கொண்டுதான் ஓஸ்வால்ட் எழுதினான். மூன்றாம் நாள் கையெழுத்தாகித் திரும்பி வந்தது. அவனுக்கு நம்பிக்கை வராமல், விளக்கடியில் வைத்து முத்திரையைப் பார்த்தான்.

சாமியாரிடம் போய்ப் பேசியது பெர்னதெத்தும் அப்பாவும்தான் என்று அடுத்த விடுமுறையில் தெரிந்தது. நிச்சயம் நடந்தபோதே மாப்பிள்ளையும் பெண்ணும் பதிவில் கையெழுத்துப் போட்டிருந்ததால் சாமியார் ஒப்புக்கொண்டாராம்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்," என்றான்.

"கேட்டா, கொஞ்சம் பொறுன்னு சொல்லியிருப்பீங்க," என்றாள் அவள்.

ஜூலை எட்டாம் தேதி அவன் செகண்ட் லெப்டினன்ட் ஆனான். பன்னிரண்டாம் தேதி காலை கல்யாணம் நடந்தது. தோளில் ஒற்றை நட்சத்திரத்தோடு நின்ற அவனைவிடப் பெர்னதெத் அமைதியாக இருந்தாள். ஆறு நாள் கழித்து, அஸ்ஸாமில் ராணுவத்தின் ஒரு லாரிப் போக்குவரத்துக் கம்பெனியில் சேருவதற்காக, கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் மெட்ராஸ் வண்டி ஏறினான். அத்தை தனியாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். அப்பா கார்டிடம் போய், வண்டி ஏன் நாலு நிமிடம் தாமதம் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

"போய்ச் சேர்ந்ததும் எழுதுங்க," என்றாள் பெர்னதெத். "எங்க இருக்கீங்கன்னு எழுத விடமாட்டாங்கன்னு தெரியும். சாப்பிட்டீங்களான்னு மட்டும் எழுதுங்க."

வண்டி நகர்ந்தது. அவள் கூடவே கொஞ்ச தூரம் நடந்து வந்து, பிளாட்பாரம் சரிகிற இடத்தில் நின்றுகொண்டாள். ஓஸ்வால்ட் ஜன்னலுக்கு வெளியே உடம்பைப் பாதி நீட்டி, கண்ணுக்கு எட்டும் வரைக்கும் கையை அசைத்துக்கொண்டே போனான்.